வண்டி யார் பேரில் இருக்கிறது?

பொங்கல் முடிந்து நாலாம் நாள் பேரன் வீட்டுக்கு வந்தான். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சம்பள நாள் தவிர மற்ற நாளில் தாத்தா வீட்டுப் பக்கம் அதிகம் வராதவன், அன்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து சாப்பிட்டேனா என்றெல்லாம் விசாரித்தான். ஏதோ இருக்கிறது என்று புரிந்தது.

"தாத்தா, ஒரு ஆர்.எக்ஸ். 100 பாத்து வச்சிருக்கேன். விழுப்புரத்துல. எண்பத்தஞ்சாயிரம் சொல்றாங்க. அம்மா, தாத்தா பாத்து சரின்னு சொன்னாதான் பணம் தருவேன்னுட்டாங்க."

நம் வயதுக்காரர்களுக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1985-இல் வந்தது, 1996-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் தெருக்கோடியில் திரும்பும்போதே இன்னார் வீட்டுப் பையன் வருகிறான் என்று தெரியும். நிறுத்தி இத்தனை வருஷம் கழித்து இப்போதைய பிள்ளைகளுக்கு அதன்மேல் ஒரு பைத்தியம். பேரன் பார்த்து வைத்திருந்தது 1994-ஆம் வருஷத்து வண்டி. அவனைவிட எட்டு வயது மூத்தது.

மோட்டார் வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். அப்படியிருக்க என் மகள் ஏன் என் சம்மதத்தைக் கேட்டாள் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1982-இல் நான் ஒரு பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் வாங்கினேன். பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்து வந்த வண்டி. அதைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டு 1994-இல் ஆறாயிரம் ரூபாய்க்கு விற்றேன். வாங்கியவர் அலுவலக நண்பர் ஒருவருக்குத் தெரிந்தவர். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "பேர் மாத்துறத நான் பாத்துக்கறேன் சார்" என்றார். தேதி போடும் இடத்தையும் வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தையும் காலியாக விடச் சொன்னார். விட்டேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அடுத்தவர் விண்ணப்பத்தில் தேதி இல்லையென்றால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புகிறவன் நான். சொந்தப் படிவத்தில் தேதி இல்லாமல் கொடுத்தேன்.

1997-இல் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அந்த ஸ்கூட்டர் மூன்று கை மாறி, கடைசியில் யாரோ ஒரு பையன் ஓட்டிப் போய், பூ விற்கும் அம்மாள் ஒருவரை இடித்துவிட்டிருக்கிறான். காலில் முறிவு. வண்டிக்கு இன்சூரன்ஸ் 1995-லேயே முடிந்துபோயிருந்தது. பதிவேட்டில் உரிமையாளர் யார் என்று பார்த்திருக்கிறார்கள். என் பெயர்தான் இருந்தது. ஒருவர்கூடப் பெயர் மாற்றவில்லை.

மூன்று வருஷம் வழக்கு நடந்தது. விற்றுவிட்டேன் என்று சொன்னேன். விற்றதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஆறாயிரத்துக்கு ரசீதுகூட நான் வைத்திருக்கவில்லை. வாங்கியவர் ஊரை விட்டுப் போயிருந்தார். ஓட்டிய பையனிடம் ஒன்றுமில்லை. 2000-இல் தீர்ப்பாகி, வட்டியோடு சேர்த்து மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பி.எஃப். பணத்தில் பெரும்பகுதி போனது. அடுத்த வருஷம் கல்யாணத்தை ஒரு மாதிரி சுருக்கமாக நடத்தினோம். அதைப் பற்றி மகள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்குப் பணம் போனது பெரிதாக மனதில் நிற்கவில்லை. கோர்ட்டுத் தாழ்வாரத்தில் அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் குட்டையாகச் சேர்ந்துவிட்டது, கைத்தடி வைத்திருந்தார். என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "உங்க வண்டியா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

அதனால்தான் பேரன் பழைய வண்டி என்றதும் மகள் அவனை என்னிடம் அனுப்பினாள்.

முதலில் அவன் கைப்பேசியிலேயே பார்த்தோம். எம்-பரிவாஹன் என்று ஒரு செயலி இருக்கிறது. வண்டி எண்ணைப் போட்டால் மத்திய அரசின் வாஹன் பதிவேட்டில் உள்ள விவரம் வரும். பதிவான தேதி, பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று எதுவரை, கடன் ஏதும் இருக்கிறதா, எத்தனையாவது உரிமையாளர் என்பதெல்லாம். உரிமையாளர் பெயரை மட்டும் நடுநடுவே நட்சத்திரம் போட்டு மறைத்துக் காட்டும். நம்மைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் போட்டுத் தருவார்கள்.

பேரன் கொடுத்த டி.என். 31 எண்ணைப் போட்டோம். 1994 மார்ச்சில் பதிவு. பதிவு செல்லுபடி 2019 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இன்சூரன்ஸ் 2021-இல் முடிந்தது. புகைச் சான்று விவரமே இல்லை. மூன்றாவது உரிமையாளர்.

"விக்கிறவர் செகண்ட் ஓனர்னு சொன்னாரு தாத்தா" என்றான் பேரன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் சொந்த உபயோக மோட்டார் சைக்கிளை வாங்கும்போது பதினைந்து வருஷத்துக்குப் பதிவு செய்து கொடுக்கிறார்கள். அந்தப் பதினைந்து வருஷமும் அந்த வண்டியை எந்த அதிகாரியும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஒரு வருஷத்துக்கு ஒருமுறையோ புகையைச் சோதிப்பதோடு சரி. பதினைந்து முடிந்த பிறகுதான், படிவம் 25 எழுதி, வண்டியைக் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, அவர் பார்த்துச் சரி என்றால் ஐந்து வருஷம் நீட்டிப்பார். பிறகு ஒவ்வொரு ஐந்து வருஷத்துக்கும் இப்படி. சனங்கள் எஃப்.சி. காட்டுவது என்று சொல்வது இதைத்தான். ஆக ஒரு பழைய வண்டியின் பரிசோதனைச் சரித்திரம் என்பது அந்த ஐந்து வருஷ முத்திரைகள்தான். 1994 வண்டிக்கு 2009-இல் ஒன்று, 2014-இல் ஒன்று, 2019-இல் ஒன்று, 2024-இல் ஒன்று என்று நாலு முத்திரை இருந்திருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன.

முத்திரை இல்லாத காலத்துக்குக் காசும் கட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் மோட்டார் சைக்கிள் புதுப்பிப்புக் கட்டணத்தை 300-லிருந்து 1000 ரூபாய் ஆக்கியிருந்தார்கள்; தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் அப்போது 300 ரூபாய் தனி. பசுமை வரி வேறு. இதையெல்லாம் பேரனிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "அதெல்லாம் விலையில கொறச்சிக்கலாம் தாத்தா" என்றான். வண்டியின் மேல் மனசு போய்விட்டால் கணக்கு காதில் ஏறாது.

சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்றேன். எங்கள் தெருமுனையில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பாயையும் வரச் சொன்னேன். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் அவர் கை பழகியவர். ஞாயிற்றுக்கிழமை அவரும் பேரனும் அவர் வண்டியில் போனார்கள். நான் விழுப்புரம் பஸ்ஸில் போனேன்.

அது ஒரு ஆட்டோ கன்சல்டிங் கடை. வாசலில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. நம் ஆர்.எக்ஸ். 100 கறுப்பில் பளபளவென்று நின்றது. அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. பேரன் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

பாய் வண்டியைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்யவில்லை. முதலில் போய் என்ஜின் மேல் புறங்கையை வைத்தார். "காலையில ஸ்டார்ட் பண்ணீங்களா?" என்றார். கடைக்காரர், "இல்ல பாய், சும்மா துடைச்சி வச்சோம்" என்றார். பாய் என் கையைப் பிடித்து என்ஜின் மேல் வைத்தார். சூடாக இருந்தது. குளிர்ந்த வண்டி எத்தனை உதையில் கிளம்புகிறது என்பதைப் பார்க்க விடாமல் செய்திருக்கிறார்கள். பாய் ஒன்றும் பேசவில்லை. "ஆறட்டும், டீ சாப்பிடலாம்" என்றார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம்.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நான் என் வேலையைப் பார்த்தேன். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். இப்போது வரும் அட்டை இல்லை. அந்தக் காலத்துக் கையால் எழுதிய புத்தகம். பழைய ஆர்.சி. புத்தகத்தைக் கையில் எடுத்தால் எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வரும். அவர் வண்டிப் பதிவுச் சீட்டை 'கார்த் கிரீஸ்' என்பார், சாம்பல் அட்டை என்று அர்த்தம். அந்த எழுத்தர் நல்ல கையெழுத்துக்காரர். நீலக் கறுப்பு மை. முதல் உரிமையாளர் கடலூரில் ஒருவர், 2006-இல் இரண்டாமவர், 2013-இல் மூன்றாமவர். வளவனூர் பக்கத்தில் ஒரு கிராமத்து விலாசம். முதல் புதுப்பிப்பு இரண்டு மாதம் தாமதம். இரண்டாவது சரியான நாளில். மூன்றாமவர் ஒழுங்கான மனுஷர் என்று தெரிந்தது. பதிவுகள் வேறு வேறு மையில், வேறு வேறு கையெழுத்தில் இருந்தன. அது நல்ல அடையாளம். பத்து வருஷ இடைவெளியில் எழுதியதாகச் சொல்லும் இரண்டு பதிவுகள் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால் அந்தப் புத்தகத்தைத் தொடாதீர்கள்.

பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் மென்மையான பென்சிலையும் எடுத்தேன். சேசிஸ் எண் ஹேண்டில் கழுத்தில் குத்தியிருக்கும். அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் வரும். பதிவு அலுவலகத்துக்கு எடுத்துக் கொடுக்கும் பென்சில் பிரிண்ட் இதுதான். கண்ணால் பார்ப்பதைவிட இதில் குற்றம் நன்றாகத் தெரியும். தேய்த்து அழித்துப் புதிதாகக் குத்திய எண்ணாக இருந்தால் ஒரு எழுத்து ஆழமாகவும் ஒன்று மேலாகவும் நிற்கும், இடைவெளி ஒரே மாதிரி இருக்காது, சுற்றிலும் இரும்பு வழவழவென்று பள்ளமாக இருக்கும். ஆர்.எக்ஸ். 100-க்குக் கிராக்கி கூடிய பிறகு இந்த வேலை நிறைய நடக்கிறது என்று பாய் சொன்னார். என்ஜின் எண்ணையும் இதேபோல் எடுத்தேன்.

இரண்டையும் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். நண்பர்களுக்குத் தெரியும், நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்; அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலமாக மாறிய பிறகும் எண் சரிபார்ப்பது மட்டும் எனக்குப் பிரெஞ்சில்தான் வரும். தொண்ணூற்று நாலை 'கத்ர்-வேன்-கத்தோர்ஸ்', அதாவது நாலு இருபதும் ஒரு பதினாலும் என்று சொல்ல வேண்டும். சொல்ல நேரமாகும். அந்த நேரத்தில் கண் ஒவ்வொரு எண்ணிலும் நின்று பார்க்கும். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ தப்பை இந்த முறையில் பிடித்திருக்கிறேன். நான் முணுமுணுப்பதைப் பார்த்துக் கடைக்காரர் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். இரண்டு எண்ணும் சரியாக இருந்தன. பேரனுக்குச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

அதற்குள் என்ஜின் ஆறிவிட்டது. ஆறாவது உதையில் கிளம்பியது. பாய் பின்னால் போய் நின்று இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஹேண்டிலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பி எங்காவது கடிக்கிறதா என்று பார்த்தார். டேங்குக்கு அடியில் கைப்பேசி விளக்கைப் போட்டு வெல்டிங் தேடினார். மீட்டர் 31,000 கிலோமீட்டர் காட்டியது. பாய் கால் வைக்கும் ரப்பரைக் காட்டினார். தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. பிரேக் மிதி கண்ணாடிபோல வழுக்கியது. "முப்பத்தோராயிரத்துக்கு இது தேயாது சார். முள்ளு பொய் சொல்லும், மிதி பொய் சொல்லாது" என்றார்.

கடைசியில் அவர் ஒன்று கேட்டார். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பேரன் இரண்டாயிரம் அட்வான்ஸ் வைத்த பிறகுதான் சம்மதித்தார். நாலு நட்டு. பத்து நிமிஷ வேலை. பிஸ்டன் தலையில் கரி படிந்திருந்தது. பாய் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து என்னைக் கூப்பிட்டார். "சார், உங்க வேலைதான், படிங்க" என்றார்.

பிஸ்டன் மேல் 1.00 என்று குத்தியிருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இந்த வண்டியில் சிலிண்டர் தேய்ந்தால் உள்ளே கொஞ்சம் குடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். போர் போடுவது என்கிறோமே அதுதான். முதலில் கால் மில்லிமீட்டர், அடுத்து அரை, அடுத்து முக்கால், கடைசியில் ஒன்று. ஒவ்வொரு பிஸ்டனிலும் அதன் அளவைக் குத்தியிருப்பார்கள். ஒன்று என்றால் அதற்கு மேல் குடைய இடமில்லை. அடுத்த தடவை சிலிண்டரையே மாற்ற வேண்டும், அல்லது உள்ளே புது ஸ்லீவ் இறக்க வேண்டும். நல்ல சிலிண்டர் இப்போது கிடைப்பது கஷ்டம்.

எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். ஆய்வாளர் 2014-க்குப் பிறகு இந்த வண்டியைப் பார்க்கவில்லை. புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் என்ஜினே தனக்குள் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் தேதி இல்லை, அவ்வளவுதான்.

பேரன் அப்போதும் விடவில்லை. "எழுபதுக்குக் குடுப்பீங்களாண்ணே?" என்று பேச ஆரம்பித்தான். கடைக்காரர் எழுபத்தைந்து என்றார். நான் குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"புத்தகத்துல இருக்கிறவர் எங்கே?"

"அவரு வரத் தேவையில்ல சார். ஃபார்ம்ல எல்லாம் கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன்."

மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். படிவம் 29. படிவம் 30. கீழே நடுங்காத, அழகான கையெழுத்து. தேதி இல்லை. வாங்குபவர் பெயர் இல்லை. ஓரம் பழுப்பேறி மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். பேரன் "என்ன தாத்தா?" என்றான். "ஒண்ணுமில்ல, வா போகலாம். இந்த விலாசத்துக்குப் போய்ட்டுதான் மத்தது" என்றேன். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அட்வான்ஸ் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றார். பாய் ஹெட்டை மாட்டி நட்டை முறுக்கிக்கொண்டே, "என்ஜின் சூட்டுக்கு அந்த ரெண்டாயிரம் சரியாப்போச்சி, விடுங்க தம்பி" என்றார்.

திரும்பும் வழியில் வளவனூரில் இறங்கினேன். பேரன் அங்கே காத்திருந்தான். ஷேர் ஆட்டோவில் போய் விசாரித்தோம். ஊரில் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வேப்பமரத்தடியில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். மோர் கொடுத்தார்கள். வண்டி எண்ணைச் சொன்னேன்.

"அடடா, அந்த யமஹாவா! 2017-லயே பதினெட்டாயிரத்துக்குக் குடுத்துட்டனே" என்றார். பழைய மாணவன் ஒருவனுக்கு விற்றிருக்கிறார். அவன் யாருக்கு விற்றானோ.

"ஐயா, வண்டி இன்னும் உங்க பேர்லதான் இருக்கு" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். "இன்னுமா?" என்றார்.

பேரன் கைப்பேசியில் அபராதச் சலான் பார்க்கும் தளத்தைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டான். மூன்று சலான் கட்டாமல் நின்றது. இரண்டு ஹெல்மெட் இல்லாததற்கு, ஒன்று மூன்று பேர் போனதற்கு. அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு நிதானமாகப் படித்தார். "எத்தனையோ பசங்களுக்கு ஹெல்மெட் போடச் சொல்லிக் குடுத்தவன் நான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் அந்த வண்டி தெருவில் ஓடியிருக்கிறது, என்ஜின் சூடே சாட்சி. அது யார் மேலாவது மோதியிருந்தால் சம்மன் இந்த வேப்பமரத்தடிக்குத்தான் வந்திருக்கும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு.

என் கதையை அவருக்குச் சொன்னேன். பேரனுக்கும் அது முழுதாகத் தெரியாது; அன்றுதான் கேட்டான். அம்மா கல்யாணம் ஏன் அப்படி நடந்தது என்பதும் அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு நானும் ஆசிரியரும் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினோம். பதிவு அதிகாரிக்கு ஒன்று, நகல் காவல் நிலையத்துக்கு. விற்ற நாள், விற்ற தொகை, வாங்கிய மாணவனின் பெயர், விலாசம். ஆசிரியர் பழைய டைரிகளையெல்லாம் வைத்திருந்தார். 2017 டைரியில் தேதியோடு எல்லாம் இருந்தது. அந்த விஷயத்தில் என்னைவிட அவர் எவ்வளவோ மேல். விற்ற பதினாலு நாளுக்குள் விற்றவரே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கியவருக்கு முப்பது நாள். எட்டு வருஷம் தாமதம்தான், ஆனாலும் தபாலில் ஒப்புகையோடு அனுப்பி அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள் என்றேன். அவர் வாசகத்தில் இரண்டு சந்திப் பிழையைத் திருத்தினார். தமிழாசிரியராம். பிரெஞ்சில் படித்தவனுக்கு இந்தத் தண்டனை எங்கே போனாலும் உண்டு.

பஸ்ஸில் பேரன் அதிகம் பேசவில்லை. மாடகடிப்பட்டு தாண்டும்போது, "அந்தப் பாட்டிக்கு அப்புறம் என்னாச்சி தாத்தா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. பணத்தைக் கோர்ட்டில் கட்டியதோடு நான் போய்ப் பார்க்கவில்லை. பூக்கடைப் பக்கம் போகும்போது இப்போதும் கைத்தடி வைத்த யாரையாவது தேடும் கண்.

அந்த வாரமே பிரான்சிலிருந்து அண்ணன் மகன் பேசினான். எங்கள் அண்ணன் 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர். இணைப்பு ஒப்பந்தம் அமலான ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்த ஒரே தாள். அதனால் அவர் பிள்ளைகள் ஒரு தேசம், என் பிள்ளைகள் ஒரு தேசம். அது இருக்கட்டும். அவனிடம் இந்த வண்டிக் கதையைச் சொன்னேன். அங்கே 2024 ஏப்ரல் 15 முதல் மோட்டார் சைக்கிளுக்கும் 'கோன்த்ரோல் தெக்னிக்' என்ற பரிசோதனை கட்டாயமாம். காருக்கு 1992-லிருந்தே உண்டு. மோட்டார் சைக்கிள்காரர்கள் வேண்டாம் என்று வருஷக்கணக்கில் ஊர்வலம் போய்ப் பார்த்தார்களாம், நடக்கவில்லை. பழைய வண்டியை விற்பவர், ஆறு மாதத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றை வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். அது போக, 'இஸ்தோவெக்' என்று அரசாங்கத் தளம் ஒன்று இருக்கிறது. விற்பவர் அதிலிருந்து வண்டியின் சரித்திரத்தை எடுத்து அனுப்பலாம். அங்கே காகிதத்தைக் காட்ட வேண்டியது விற்பவர் பொறுப்பு. இங்கே நாம் பென்சிலை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஆனாலும் நம் ஊரிலும் வழி வந்துகொண்டுதான் இருக்கிறது. திருட்டு வண்டியா என்று பார்க்கத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 'வாஹன் சமன்வய்' என்று ஒரு வசதி உண்டு, வீட்டிலிருந்தே பார்க்கலாம். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், வங்கியின் கடிதத்தோடு படிவம் 35 வாங்கி அதை நீக்கிய பிறகு பணம் கொடுங்கள். வேறு மாநிலத்து வண்டியென்றால், டி.என். எண்ணைப் பி.ஒய். ஆக்குவதற்கு, படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

கன்சல்டிங் கடைக்காரர் பத்து நாள் கழித்துப் பேரனுக்குப் பேசினார். அறுபத்தைந்துக்குத் தருகிறேன் என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. பேரன், "அண்ணே, வாத்தியார் பேர்ல இருக்கிறத முதல்ல ரினியூவல் பண்ணி உங்க பேருக்கு மாத்துங்க. அப்புறம் பேசலாம்" என்றான். அவர் போனை வைத்துவிட்டார்.

வண்டி இன்னும் வாங்கவில்லை. வாரத்துக்கு ஒன்றாக வண்டி எண் அனுப்பிக்கொண்டிருக்கிறான். நானும் செயலியில் போட்டுப் பார்த்துப் பதில் அனுப்புகிறேன். இரண்டு மாதமாக இது எங்களுக்குள் ஒரு பழக்கமாகிவிட்டது. நேற்று வந்தது பி.ஒய். 01 எண். ஒரே உரிமையாளர், லாஸ்பேட்டையில் இருக்கிறார், அவரே நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். மூன்று முத்திரையும் சரியான வருஷத்தில் இருக்கிறது. பிஸ்டனில் என்ன எழுதியிருக்கிறதோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். பென்சில் சீவி வைத்துவிட்டேன்.